நிரல் ஆறு

தலைமை அலுவலகம் கேட்டது ஒரு பக்கம்:
நான்கு கருவிகள், ஐந்து நிரல்கள்,
வெள்ளிக்கிழமைக்கு முன்.

படுவான்கரைத் துணைமின் நிலையத்தில்
இரவு இரண்டு மணிக்கு
அட்டவணை போடுகிறேன்.
யன்னலுக்கு வெளியே கொள்ளளவித் தட்டுகள்,
சாம்பல் நிறப் பெட்டிகள்,
மருந்துக்கடை அலுமாரி போல.

முதலில் அந்த வலுவைச் சொல்ல வேண்டும்.
விளக்கெரிக்காது. நெல் குற்றாது.
மீட்டரில் காசாகாது.
ஆனாலும் வருகிறது, போகிறது,
செக்கனுக்கு நூறு முறை,
குருமண்வெளித் துறையில்
ஆளில்லாமல் போய் ஆளில்லாமல் திரும்பும்
பாதைப் படகு போல.
வெறும் படகு ஏன் ஓடுகிறது என்று
கணக்காளர் கேட்பார்.
ஓடாவிட்டால்
மண்டூர் ஆள் மண்டூரில்தான்.

இஸ்மாலெப்பை ஹாஜியாரின் அரிசி ஆலையில்
ஒன்பது மோட்டர்.
விடிய ஐந்துக்கு எல்லாம் ஒன்றாய் எழும்பும்.
அழுத்தம் எழுவான்கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்க
ஓட்டம் படுவான்கரையில் இன்னும்
செருப்புத் தேடிக்கொண்டிருக்கும்.
அந்த இடைவெளிக்குத்தான்
இத்தனை விலைமனு.

கொள்ளளவி: மலிவு.
ஆளி போட்டால் வரும், எடுத்தால் போகும்,
நடுவில் ஒன்றும் தெரியாது.
அழுத்தம் எண்பது வீதமாய் விழுந்தால்
இது தருவது அறுபத்து நான்கு.
கஷ்டம் என்று கேட்டதும்
கைசுருக்கும் உறவு.
பெருநாளன்று ஆலை மூடிக் கிடக்கையில்
போதும் போதும் என்றாலும்
பரிமாறிக்கொண்டே நிற்கும்.

ஒத்தியங்கு கண்டன்சர்:
எதையும் இழுக்காமல் சுழலும் பெரிய இரும்பு.
தாங்கி தேயும், எண்ணெய் குடிக்கும்,
பதில் சொல்ல நேரமெடுக்கும்.
ஆனால் வலையமைப்பு தடுமாறினால்
தன் பாரத்தாலேயே கொஞ்சம் பிடித்து நிற்கும்.
நான்கிலும் இதற்கு மட்டும்தான்
உடம்பு என்று ஒன்று.

எஸ்.வீ.சீ.:
தைரிஸ்டர் கதவு திறந்து மூடி அளந்து ஊற்றும்.
இரண்டு சுற்றுக்குள் பதில்.
எல்லையைத் தொட்டதும்
அதுவும் வெறும் கொள்ளளவிதான்.
ஹார்மோனிக் வடிகட்ட
இன்னொரு வளவு வேண்டும்.

ஸ்டற்கொம்:
அழுத்தம் பாதியானாலும் ஓட்டம் குறையாது.
இரண்டு கொள்கலனுக்குள் அடங்கும்.
பழுதானால் திறக்க எங்களுக்கு அனுமதியில்லை,
திறப்பவர் விமானத்தில் வருவார்.
விலையை இருமுறை எண்ணிப் பார்த்தேன்,
பூச்சியங்கள் சரிதான்.

ஐந்து நாற்பது.
எங்கோ மகியங்கனைப் பக்கம் லைனில் மின்னல்.
ஊசி விழுந்தது.
மோட்டர்கள் திணறி இன்னும் கேட்டன,
கொள்ளளவி இன்னும் குறைத்தது.
ஊசி துள்ளி மேலே வந்த கணம்
வெளியே

டப்.

காவலாளி நேசதுரை தரையில் கிடந்தார்.
முகம் சரளையில், கைகள் பிடரியில்.
உடம்பு தானாகப் போட்ட ஆளி.
எத்தனை மில்லிசெக்கன் என்று
அளக்க அங்கே ஒன்றுமில்லை.

எழும்பினார்.
முழங்காலில் ஒட்டிய கல்லைத் தட்டினார்.
"பியூஸ் மிஸ்" என்றார்.
"தெரியும். விழுந்த பிறகுதான் தெரிஞ்சது."
டோர்ச் அடித்துத் தேடினார்:
மூன்றாம் தட்டு, ஏழாம் பெட்டி.
குறிப்பேட்டில் அவர் கையெழுத்து:
05.41. பியூஸ் ஒன்று. ஆட்சேதம் இல்லை.

விடிந்ததும் அட்டவணையில்
ஆறாவது நிரல் ஒன்று சேர்த்தேன்.
தலைப்பு: சத்தம்.
கண்டன்சர், பக்கத்தில் இன்னொரு ஆலை.
எஸ்.வீ.சீ., போத்தலுக்குள் வண்டு.
ஸ்டற்கொம், குளிரூட்டியின் காற்று.
கொள்ளளவி, நாள் முழுக்க ஒன்றுமில்லை,
பிறகு துவக்கு.

பதினொரு மணிக்குக் கொழும்பிலிருந்து பதில்:
நிரல் ஆறு பொருத்தமற்றது. நீக்கவும்.

நீக்கினேன்.
மற்ற ஐந்தும் தாமாக அகன்று
அந்த இடத்தை எடுத்துக்கொண்டன.
பரிந்துரை: ஸ்டற்கொம் ஒன்று,
தினசரிக்குச் சிறு படிகளில் கொள்ளளவி.
காரணம்: சரிவின்போதும் ஓட்டம் குறையாது.

அதுவும் உண்மைதான்.